ஒரு வெள்ளி கேட்டவர்கள்: 1967 துப்புரவுத் தொழிலாளர் வேலைநிறுத்தம், ஒரு நிகழ்வு ஆய்வு

1967 பிப்ரவரி 1ஆம் தேதி, சிங்கப்பூரின் தெருக்களையும் சாக்கடைகளையும் சுத்தம் செய்துவந்த 2,400 நாட்கூலித் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். பெரும்பாலோர் இந்தியாவிலிருந்து வந்து குடியேறியவர்கள். அவர்களிலும் தமிழர்களே மிகுதி. தலைவர்கள் கைதானார்கள். பத்தில் ஒன்பது பேர் வேலை கேட்டு மீண்டும் மனுப் போட்டார்கள். இரண்டு மாதத்தில் சங்கத்தின் பதிவும், அது சேர்ந்திருந்த சம்மேளனத்தின் பதிவும் ரத்தாயின. அப்போது பிரதமராக இருந்த லீ குவான் யூ தம் நினைவுக் குறிப்புகளில் இதை நாட்டின் தொழில் உறவு வரலாற்றில் ஒரு திருப்புமுனை என்று குறிப்பிட்டார்.

அரசாங்கத்தின் சிக்கன நடவடிக்கையை எதிர்த்து நிற்க நினைக்கும் எந்தச் சங்கமும் சமூகக் குழுவும் வரிவரியாகப் படிக்க வேண்டிய தோல்வி இது. ஆட்களுக்குப் பஞ்சம் இருக்கவில்லை, கோரிக்கையும் ஆகாயத்தை வில்லாக வளைப்பதாக இல்லை. துடைப்பத்தைக் கீழே வைப்பதற்கு மூன்று மாதம் முன்பே இந்தப் போராட்டம் கைநழுவத் தொடங்கிவிட்டது. எங்கே, எப்படி என்பதுதான் இங்கே கேள்வி.

மேசைக்கு அந்தப் பக்கம் மாறிய ஆள்

முனிசிபல் வேலை என்றாலே தமிழர் வேலை என்று இருந்த காலம் நெடியது. தெரு, சாக்கடை, குப்பை, குழாய்ப் பள்ளம் எல்லாவற்றிலும் நம் ஆட்கள்தான். 1936 இறுதியிலேயே நகராட்சித் தமிழ்த் தொழிலாளர்கள் கூலிக்காக வேலையை நிறுத்தியிருக்கிறார்கள். எனவே 1967இல் நின்றவர்கள் போராட்டத்துக்குப் புதியவர்கள் என்று எண்ணக் கூடாது.

புதியதாக இருந்தது முதலாளி. முன்பு அவர்கள் நகர மன்றத்தின் ஊழியர்கள். மன்றம் மசியாவிட்டால் அதற்கு மேலே இருந்த அரசாங்கத்திடம் முறையிடலாம், தேர்தலில் நிற்பவர்களிடம் பேசலாம். 1959இல் தன்னாட்சி வந்த பிறகு நகர மன்றத்தின் பொறுப்புகள் அமைச்சுகளுக்குப் போயின. 1963இல் தண்ணீர், மின்சாரம், எரிவாயு மூன்றும் பொதுப் பயனீட்டுக் கழகத்திடம் சேர்ந்தன. அன்றிலிருந்து துப்புரவுத் தொழிலாளிக்குச் சம்பளம் கொடுப்பதும், தொழிற்சங்கச் சட்டத்தை எழுதுவதும், சங்கப் பதிவாளரை நியமிப்பதும், வழக்கை நடுவர் மன்றத்துக்கு அனுப்புவதும் ஒரே அரசாங்கம். மேலே முறையிட யாரும் இல்லை. இந்த மாற்றத்தைச் சங்கத் தலைமை போதுமான அளவு எடைபோடவில்லை என்றே தோன்றுகிறது. நகர மன்றக் காலத்துப் பழக்கம், அதாவது கெடு வைப்பது, நெருக்குவது, கடைசி நேரத்தில் பேசி முடிப்பது, அப்படியே தொடர்ந்தது.

ஒரு வெள்ளியின் கணக்கு

1966 அக்டோபரில், நாட்கூலிச் சங்கங்களின் சம்மேளனத் தலைவர் கே. சுப்பையா அரசாங்கத்துக்குக் கெடு விதித்தார். 1961, 1964 ஆண்டுகளின் கூட்டு ஒப்பந்தங்களில் தீராமல் கிடந்த குறைகளைத் தீர்க்க வேண்டும். அரசாங்கத்திலும் பொதுப் பயனீட்டுக் கழகத்திலும் இருந்த 15,000 நாட்கூலித் தொழிலாளர்களுக்கு நாளொன்றுக்கு ஒரு வெள்ளி (டாலர்) கூட்டித் தர வேண்டும்.

ஒரு வெள்ளி என்பது காதுக்குச் சிறியது. மாதம் 26 நாள் வேலை என்று வைத்தால் ஒருவருக்கு ஆண்டுக்கு 312 வெள்ளி. 15,000 பேருக்கு 46 லட்சத்து 80 ஆயிரம், அதாவது 4.68 மில்லியன் வெள்ளி. அதுவும் ஒருமுறை கொடுத்து முடிவதில்லை, ஆண்டுதோறும் போகும். மலேசியாவிலிருந்து பிரிந்து ஓராண்டு தாண்டியிருந்த நேரம் அது. சிங்கப்பூருக்கென்று சொந்த நாணயம்கூட 1967 ஜூன் மாதம்தான் வெளிவந்தது. பொருளாதாரத்தில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குப் பிரிட்டிஷ் படைத்தளங்களை நம்பியிருந்தது. அரசாங்கம் பார்த்தது 4.68 மில்லியனை, தொழிலாளி பார்த்தது ஒரு வெள்ளியை. இரண்டு கணக்கும் சரியானவை. ஆனால் சம்மேளனம் இரண்டாவது கணக்கை மட்டும் மேசைமேல் வைத்தது. இப்படிப்பட்ட கோரிக்கையை வைக்கும்போது மொத்தச் செலவைத் தானே கூட்டிப் பார்த்து, இரண்டு ஆண்டுகளில் படிப்படியாக எப்படிக் கொடுக்கலாம் என்ற மாற்றுத் திட்டத்தையும் கையில் வைத்திருப்பது சங்கத்தின் முதல் வேலை. இல்லாவிட்டால் பெரிய எண்ணை எதிர்த்தரப்பு சொல்லும், அதைப் பொதுமக்கள் முதல்முறையாக அவர்கள் வாயிலிருந்துதான் கேட்பார்கள்.

கதவு மூடிய நாள்

டிசம்பர் இறுதியில் தகராறு தொழில் நடுவர் மன்றத்துக்கு அனுப்பப்பட்டது. இந்த நிகழ்வின் அச்சாணி இதுதான். 1960இன் தொழில் உறவுச் சட்டத்தின் கீழ் அமைந்த அந்த மன்றம் ஒரு தகராறைக் கையில் எடுத்துவிட்டால், அதே தகராறுக்காக வேலையை நிறுத்துவது சட்டவிரோதம். இரு தரப்பும் சேர்ந்து கேட்டுத்தான் வழக்கு அங்கே போக வேண்டும் என்பதும் இல்லை. அமைச்சரே உத்தரவிட்டு அனுப்பலாம். அதாவது, வேலைநிறுத்தம் சட்டப்படி நடக்குமா நடக்காதா என்பதைத் தீர்மானிக்கும் சாவி எதிர்த்தரப்பின் சட்டைப்பையில் இருந்தது.

அக்டோபரில் கெடு விதித்து, டிசம்பர்வரை பேசிக்கொண்டே இருந்தால் அந்தச் சாவி திரும்பும் என்பது முன்கூட்டியே தெரியக்கூடிய விஷயம். அதன் பிறகு சம்மேளனத்துக்கு மிச்சம் இருந்த நேர்வழி ஒன்றே ஒன்று: மன்றத்தில் வாதாடுவது. சம்பளப் பட்டியல்கள், விலைவாசி, 1961, 1964 ஒப்பந்தங்களில் எந்தப் பிரிவு நிறைவேறவில்லை என்ற விவரம், எல்லாவற்றையும் அடுக்க வேண்டிய மாதம் ஜனவரி.

ஜனவரியில் வேறொன்று நடந்தது. சுகாதார அமைச்சு துப்புரவுப் பிரிவில் ஆட்களைப் பிரித்து நிறுத்தும் விதத்தையும் வேலை முறையையும் மாற்றியது. 2,400 பேரின் கோபம் பொங்கியது இதனால்தான். நாட்கூலித் தொழிலாளிக்கு வேலை முறை மாற்றம் எவ்வளவு பெரிய விஷயம் என்பது அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு எளிதில் புரியாது. யாரோடு சேர்ந்து கூட்டுகிறோம், எந்தத் தெரு, எத்தனை மணிக்கு முடியும், யார் மேற்பார்வை என்பதெல்லாம் கூலிக்கு நிகரானவை. சம்பளத்தில் கை வைக்காமல் வேலையை இறுக்குவதும் சிக்கன நடவடிக்கைதான்; உலகம் முழுவதும் அரசாங்கங்கள் முதலில் எடுப்பது அந்த வழியைத்தான்.

ஒரு வெள்ளி கேட்ட தகராறு மன்றத்தில் இருந்தது. வேலை முறை மாற்றம் புதிய தகராறு. இரண்டையும் தனித்தனியாக வைத்து, புதியதற்குத் தனிக் கடிதம், தனிப் பேச்சு, தேவைப்பட்டால் தனி வாக்கெடுப்பு என்று போயிருந்தால் சங்கத்துக்குக் குறைந்தபட்சம் ஒரு சட்ட வாதமாவது இருந்திருக்கும். நடந்தது நேர்மாறு. திடீரென வேலை நின்றது. ஒரு வாரத்துக்குள் குறைகள் தீராவிட்டால் சம்மேளனத்தின் 14,000 பேரும் வெளியே வருவார்கள் என்று சுப்பையா அறிவித்தார். அந்த ஓர் அறிவிப்பில் புதிய தகராறும் பழைய தகராறும் ஒன்றாகக் கலந்தன. கலந்த பின் பிரித்துக் காட்ட முடியவில்லை.

ஒரே நேரத்தில் விழுந்த அடிகள்

அரசாங்கத்தின் பதில் வேகமாக வந்தது. சுப்பையாவும் மற்ற 14 தலைவர்களும் கைதாகி, சட்டவிரோத வேலைநிறுத்தத்துக்கு அழைப்பு விடுத்ததாகக் குற்றம் சாட்டப்பட்டார்கள். பதிவை ஏன் ரத்து செய்யக்கூடாது என்று விளக்கம் கேட்டுச் சங்கத்துக்கும் சம்மேளனத்துக்கும் பதிவாளரின் கடிதம் போனது. சுகாதார அமைச்சு, வேலைக்கு வராதவர்கள் தாங்களே வேலையை விட்டு நீங்கியவர்கள் ஆகிவிட்டார்கள் என்றும், திரும்ப வர விரும்புவோர் மறுநாள் மனுப் போடலாம் என்றும் அறிவித்தது.

மூன்றாவதுதான் போராட்டத்தை முடித்தது. கைதுகள் தலைமையை அகற்றின, அவ்வளவே. தலைவர் உள்ளே போனதும் இன்னும் உறுதியாக நின்ற சங்கங்கள் உண்டு. ஆனால் “மறுநாள் மனு” என்பது 2,400 பேர் கொண்ட கூட்டத்தை 2,400 தனி ஆட்களாக உடைத்தது. ஒவ்வொருவரும் அன்றிரவு தனியாக யோசிக்க வேண்டியிருந்தது: பக்கத்து வீட்டுக்காரர் போய்விட்டால்? ஊருக்கு அனுப்பும் பணம்? இத்தனை ஆண்டு வேலைக் கணக்கு அறுந்துபோகுமா? 1965இல் வந்த சட்டத்தின்படி குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்யவே அனுமதி வாங்க வேண்டியிருந்தது. குடியுரிமை எடுக்காமல் இருந்தவருக்கு வேலை போவது என்பது வேலையோடு நிற்கிற இழப்பாக இருக்கவில்லை. 90 விழுக்காட்டினர் மனுப் போட்டார்கள். அவர்களைக் கோழைகள் என்று சொல்வதற்கு யாருக்கும் உரிமை இல்லை. அந்த இரவுக்கு என்ன பதில் என்று சங்கம் முன்கூட்டியே சொல்லி வைக்காததுதான் பிழை.

போராட்டத்துக்கு முன் தயாராக வேண்டிய பட்டியலில் இதுதான் முதல் வரியாக இருக்க வேண்டும்: முதலாளி ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டால் உறுப்பினர் என்ன செய்வார்? கையில் எத்தனை நாள் அரிசிக்குப் பணம் இருக்கிறது? யாருக்குக் குடியுரிமை, யாருக்கு நிரந்தரவாசத் தகுதி, யாருக்கு வேலை அனுமதி? குறிப்பேட்டில் இந்தக் கணக்கு இல்லாத சங்கத்தின் பலத்தை, கூட்டத்துக்கு வந்த தலைகளை வைத்து எண்ணக் கூடாது.

தெரு நின்றால் என்ன ஆகும்

குப்பை அள்ளுவது நின்றால் ஊர் உடனே உணரும் என்பதால் துப்புரவுத் தொழிலாளர் கையில் பெரிய ஆயுதம் இருக்கிறது என்று நினைப்போம். பாதி உண்மை. அந்த வேலை நிற்கும்போது முதலில் அவதிப்படுவது அமைச்சர் அல்ல, கடைவீட்டு மாடியில் நெருக்கியடித்து வாழும் குடும்பம். இரண்டு நாளில் அனுதாபம் எரிச்சலாக மாறலாம். அக்கம்பக்கத்துக் குழுக்கள், கடைக்காரர்கள், கோயில், பள்ளிவாசல், குல சங்கங்கள் ஆகியோரிடம் “ஏன் நிறுத்துகிறோம், மருத்துவமனைக் குப்பையும் சந்தைக் குப்பையும் தேங்காமல் எப்படிப் பார்த்துக்கொள்வோம்” என்று முன்பே சொல்லிவைக்கும் வேலை ஒன்று உண்டு. லீயின் பார்வையில், அரசாங்கம் நேருக்கு நேர் நின்றது பொதுமக்களின் மதிப்பைப் பெற்றுத் தந்தது. அதை அவர் தரப்புக் கூற்று என்று ஒதுக்கலாம். ஆனால் பொதுமக்கள் பெருந்திரளாகத் தொழிலாளர் பக்கம் வந்து நிற்கவில்லை என்பது விளைவிலேயே தெரிகிறது.

அதன் பிறகு வந்தவை விரைவாகச் சொல்லக்கூடியவை. 1968 ஜனவரியில் பிரிட்டன் தன் படைகளை முன்னதாகவே விலக்கப்போவதாக அறிவித்தது. அதே ஆண்டு வந்த வேலை நியமனச் சட்டம் வாரத்துக்கு 44 மணி நேரம், ஆண்டுக்கு 11 பொது விடுமுறை என்று வரையறுத்தது. தொழில் உறவுச் சட்டத் திருத்தம், பதவி உயர்வு, இடமாற்றம், ஆள் சேர்ப்பு, ஆட்குறைப்பு, வேலை ஒதுக்கீடு ஆகியவற்றைப் பேச்சுவார்த்தை மேசையிலிருந்தே எடுத்தது. கடைசிச் சொல்லைக் கவனியுங்கள். 1967 ஜனவரியில் 2,400 பேரைக் கொதிக்க வைத்தது வேலை ஒதுக்கீடுதான். ஓராண்டுக்குப் பின் அதைப் பற்றி ஒப்பந்தத்தில் கோரவே முடியாது என்றானது. 1969இல் ஒரு வேலைநிறுத்தம்கூட நடக்கவில்லை.

1986: ஒரே ஆண்டில் இரண்டு பாடம்

1986 ஜனவரியில் ஹைட்ரில் என்ற அமெரிக்க எண்ணெய்க் கருவி நிறுவனத்தில் 61 தொழிலாளர்கள் இரண்டு நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். தொழிற்சங்கங்களின் தேசியக் கூட்டமைப்பான என்டியுசியின் தலைமைச் செயலாளர் ஓங் டெங் சியோங் அதற்கு ஒப்புதல் தந்தார். தாமும் இடம்பெற்றிருந்த அமைச்சரவையிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை என்று பிற்காலத்தில் அவரே கூறினார். தகராறு இரண்டு நாளில் தீர்ந்தது. சிறிய எண்ணிக்கை, தனியார் முதலாளி, தொழிலிடத்துக்குள் அடங்கிய தகராறு, பின்னால் ஒரு பெரிய அமைப்பு: 1967இல் இல்லாத நான்கும் இங்கே இருந்தன.

அதே ஆண்டு ஏப்ரலில், பொருளியல் மந்தத்தைச் சமாளிக்க, தொழிலாளரின் கட்டாயச் சேமிப்பான மத்திய சேமநிதிக்கு முதலாளிகள் கட்டும் பங்கு சம்பளத்தில் 25 விழுக்காட்டிலிருந்து 10 விழுக்காடாக வெட்டப்பட்டது. மாதம் 1,000 வெள்ளி வாங்கியவருக்கு மாதாமாதம் 150 வெள்ளி போயிற்று. நாளுக்கு ஒரு வெள்ளி கேட்ட போராட்டத்தைவிடப் பல மடங்கு பெரிய தொகை, நாட்டின் அத்தனை தொழிலாளர்களுக்கும். ஒரு வேலைநிறுத்தமும் இல்லை. கையில் வாங்கும் சம்பளம் மாறாததால் வெட்டு உடனே உறைக்கவில்லை. வீட்டுக் கடன் தவணையைச் சேமநிதியிலிருந்து கட்டிவந்தவர்களுக்குத்தான், பற்றாக்குறையை ரொக்கமாகக் கட்ட வேண்டி வந்தபோது உறைத்தது. அதற்குள் முத்தரப்புப் பேச்சில் எல்லாம் முடிந்திருந்தது. 1999இல் 20இலிருந்து 10ஆகவும், 2003 அக்டோபரில் 16இலிருந்து 13ஆகவும் வெட்டியபோதும் கதை அதேதான். சிக்கன நடவடிக்கை எந்த வடிவத்தில் வருகிறது என்பதைப் பொறுத்தே எதிர்ப்பு திரளும். இது அமைப்பாளர்கள் அடிக்கடி மறக்கும் விஷயம்.

இன்றைய வேலி எங்கே இருக்கிறது

சட்டப்படி வேலைநிறுத்தம் செய்ய இன்று ரகசிய வாக்கெடுப்பு வேண்டும். வாக்களித்தவர்களில் பெரும்பான்மை போதாது. பாதிக்கப்படும் உறுப்பினர் மொத்தத்தில் பெரும்பான்மை. 400 பேர் என்றால் 201 பேர் ஆம் என்று குறிக்க வேண்டும். 250 பேர் வந்து 190 பேர் ஆம் என்றாலும் அது தோல்விதான். எனவே வாக்கெடுப்பு நாளில் இரவு ஷிப்டில் இருப்பவர், விடுப்பில் இருப்பவர் எல்லோரிடமும் சீட்டைச் சேர்ப்பதே பாதி வேலை.

தண்ணீர், மின்சாரம், எரிவாயு ஆகிய மூன்றிலும் வேலைநிறுத்தமே கூடாது. மற்ற அத்தியாவசியச் சேவைகளில் 14 நாள் முன்னறிவிப்பு கட்டாயம். 2012 நவம்பர் 26ஆம் தேதி 171 எஸ்எம்ஆர்டி பேருந்து ஓட்டுநர்கள் வேலைக்கு வராமல் இருந்தபோது அவர்களைச் சிக்கவைத்தது இந்த 14 நாள் விதிதான். சீன நாட்டவரான அவர்களில் 29 பேரின் வேலை அனுமதி ரத்தாகித் திருப்பி அனுப்பப்பட்டார்கள். 5 பேருக்கு 6 முதல் 7 வாரச் சிறை. 45 ஆண்டுகளுக்குப் பிறகும் உடைந்த இடம் அதே இடம்: பாஸ், அதாவது வேலை அனுமதி.

சிக்கன எதிர்ப்புக்கு நேரடியாகக் குறுக்கே நிற்பது தொழில் தகராறுச் சட்டம். வேலைநிறுத்தத்தின் நோக்கம் அந்தத் தொழிலுக்குள் உள்ள தகராறாக இருக்க வேண்டும். சமூகத்துக்குத் துன்பம் விளைவித்தோ நேரடியாகவோ அரசாங்கத்தை நெருக்குவது நோக்கமானால் சட்டவிரோதம். வரவுசெலவுத் திட்டத்தை எதிர்த்து ஒரு நாள் பொது வேலைநிறுத்தம் என்று ஐரோப்பியச் சங்கங்கள் அழைப்பு விடுவதை இங்கே அப்படியே நகலெடுக்க முடியாது. சங்கம் செய்யக்கூடியது, அந்த வெட்டு தன் உறுப்பினரின் சம்பளத்தையோ வேலை நேரத்தையோ தொடும் இடத்தைப் பிடித்து அதைத் தொழில் தகராறாக எழுதுவது.

கொள்கையை எதிர்த்துப் பேசுவது குடிமக்களின் வேலை. அதற்கு இடம் ஹோங் லிம் பூங்காவின் பேச்சாளர் முனை. 2008 செப்டம்பர் முதல் அங்கே காவல்துறை அனுமதி இல்லாமல் ஆர்ப்பாட்டம் நடத்தலாம், தேசியப் பூங்காக் கழகத்திடம் பதிவு செய்தால் போதும். ஏற்பாடு செய்பவர் சிங்கப்பூர்க் குடிமகனாக இருக்க வேண்டும்; நிரந்தரவாசி கலந்துகொள்ளலாம்; மற்ற வெளிநாட்டவர் கூடாது. தமிழில் பேசலாம். இனம், சமயம் தொடர்பாகப் பகை மூட்டும் பேச்சுக்கு இடமில்லை. பூங்காவுக்கு வெளியே, பொது இடத்தில் ஒற்றை ஆள் ஒரு கோரிக்கைக்காக நின்றாலும் அனுமதி தேவை. தமிழ்க் குழுக்கள் இதில் குறிப்பாகக் கவனமாக இருக்க வேண்டும்: தகவல் வாட்ஸ்அப்பில் பரவினால் வெளிநாட்டு ஊழியர் தங்குவிடுதிகளுக்கும் போய்ச் சேரும். ஊரிலிருந்து வந்த தம்பி ஒருவர் ஆர்வத்தில் வந்து நின்றுவிட்டால் இழப்பு அவருக்குத்தான். அறிவிப்பின் முதல் வரியிலேயே, தமிழில், யார் வரலாம் யார் வரக்கூடாது என்று எழுதிவிடுங்கள்.

2017இல் தண்ணீர் விலையை இரண்டு கட்டமாக 30 விழுக்காடு உயர்த்தும் அறிவிப்பு வந்தபோது, மார்ச் 11ஆம் தேதி ஹோங் லிம்மில் நூறு பேரளவில் கூடினார்கள். விலை கன மீட்டருக்கு 2 வெள்ளி 10 காசிலிருந்து 2017 ஜூலையில் 2.39, 2018 ஜூலையில் 2.74 என்று திட்டமிட்டபடியே ஏறியது. 2013இல் மக்கள்தொகை வெள்ளை அறிக்கைக்கு எதிராக அதே புல்வெளியில் ஆயிரக்கணக்கானோர் கூடியதை நினைத்தால் வித்தியாசம் புரியும். 30 விழுக்காடு என்ற எண் அதிர்ச்சியாக ஒலிக்கும், ஆனால் யாருடைய சமையலறைக்குள்ளும் நுழையாது. மாதம் 20 கன மீட்டர் செலவிடும் வீட்டுக்கு 42 வெள்ளி 54 வெள்ளி 80 காசாகிறது, கூடுதல் 12 வெள்ளி 80 காசு. யூ-சேவ் என்ற அரசாங்கக் கட்டணக் கழிவு எந்த வீட்டுக்கு எவ்வளவு கிடைக்கிறது, அதைக் கழித்த பின் மிச்சம் என்ன, கழிவே கிடைக்காத சாப்பாட்டுக் கடைக்காரர் அதை எதில் ஏற்றுவார் என்று ஓர் அடுக்குமாடி புளோக்கில் பத்து வீட்டுப் பில்லைச் சேர்த்து எழுதியிருந்தால் பேச்சின் கனமே வேறு.

துப்புரவு வேலை இன்று பெரும்பாலும் குத்தகை நிறுவனங்களின் கையில். அரசாங்கம் நேரடி முதலாளியாக இல்லை, குத்தகை கொடுக்கும் வாடிக்கையாளர். படிப்படியாக உயரும் சம்பள முறை 2014 செப்டம்பரில் இந்தத் துறையில் கட்டாயமானது. பொதுத் துப்புரவாளரின் அடிப்படைச் சம்பளம் 2023 ஜூலையில் 1,570 வெள்ளி, 2024 ஜூலையில் 1,740. குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான் அது. சிக்கனம் இந்தத் துறைக்குள் இனி ஏலத்தின் வழியாகவே வரும்: குத்தகைத் தொகை குறையும், ஆள் எண்ணிக்கை குறையும், அதே புளோக்குகள் குறைந்த கைகளுக்கு. அதைப் பிடிக்க வேண்டுமானால் சம்பளச் சீட்டோடு வேலைப் பட்டியலையும் பத்திரப்படுத்த வேண்டும். எத்தனை மாடி, எத்தனை குப்பைத் தொட்டி, எத்தனை பேர், எத்தனை மணி நேரம் என்று குத்தகை மாறுவதற்கு முந்தின மாதமும் பிந்தின மாதமும் தேதியோடு எழுதி வைத்த ஒரு பள்ளிக்கூட நோட்டு போதும். 1967 ஜனவரியில் வேலை முறை மாறியபோது, மாற்றத்துக்கு முன் தெரு எப்படிப் பிரிந்திருந்தது என்பதை யாராவது அப்படி எழுதி வைத்திருந்தால், அந்த நோட்டைத் தனித் தகராறாக மேசைமேல் வைத்திருக்கலாம்.